பெரிய சிக்லிட் மீன் வாங்க இருப்போர் கவனத்துக்கு: 145,000 ரூபாய் போய்விட்டது

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். 145,000 ரூபாய்! வங்கிப் பற்றுச்சீட்டு இன்னும் மேசையில் கிடக்கிறது. மற்ற மீன்களைத் தின்னும் பெரிய சிக்லிட்டுகளை வீட்டில் சேர்த்து வளர்க்க விரும்பும் வன்னி உறவுகளுக்கு, வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை இறுதியில் விரிவாகத் தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சமூக ஊடகத்தில் மீனும் தொட்டியும் விற்கும் பக்கம் ஒன்று. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி, நடுவில் தடுப்புக் கண்ணாடி, வெளியே வைக்கும் பெரிய வடிகட்டி, நான்கு ஒஸ்கார், ஒரு சோடி ஜாகுவார் (இரண்டும் பெரிய சிக்லிட் வகைகள்). இதுதான் பேச்சு. நான் தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்டேன். ஏனென்றால் ஜாகுவார் ஓர் அடியைத் தாண்டி வளரும். முட்டையிட்டுவிட்டால் தொட்டி முழுவதும் தனக்கே என்று நிற்கும். ஒஸ்கார் உடலில் பெரிதானாலும் அதற்கு ஈடுகொடுக்காது. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் விற்பவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் சொன்னார்: "அண்ணை, நானும் வன்னிப் பிள்ளைதான். 2009இல் செட்டிகுளத்தில், இராமநாதன் முகாமில் கிடந்தவன். உங்களை ஏமாற்றியா நான் பிழைக்க வேண்டும்?"

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த அந்த முகாமில் நானும் தறப்பாளுக்குள் கிடந்தவன். தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்ற ஒருவர் அந்த முகாமின் பெயரைச் சொல்லித் திருடுவார் என்று யார் நினைப்பார்? அன்றே முழுப் பணத்தையும் வைப்பிலிட்டேன்.

வந்தது நான்கடித் தொட்டி. பேசியது ஏறத்தாழ 680 லீற்றர், வந்தது 255. தடுப்பு இல்லை. வடிகட்டி உள்ளே போடும் சின்னது. மீன்களோ ஒட்சிசன் பைகளில் அதே லொறியில் வந்துவிட்டன, திருப்பி அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும். "அது தற்காலிகத் தொட்டி அண்ணை, பெரியது அடுத்த வாரம் வரும்" என்றார். இன்றுவரை வரவில்லை.

ஜாகுவார் சோடி ஒரு கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டது. அதன் பிறகு ஒஸ்கார்களுக்கு ஒரு மூலைதான் மிச்சம். செட்டை கிழிந்து, செதில் உரிந்து, நான்கும் ஒவ்வொன்றாக மிதந்தன. என் மகளின் கையிலிருந்து இரை வாங்கித் தின்னப் பழகியிருந்த மீன்கள் அவை.

படங்களை அனுப்பினேன். "உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதுதான்" என்றார். கடித்த காயம் படத்திலேயே தெரிகிறது, தண்ணீரா கடித்தது? பிறகு முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். பிறகு கணக்காளருக்கு விடுமுறையாம். பிறகு செய்தியைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டும். கடைசியாக வந்த பதில்தான் என் வயிற்றை எரித்தது: "மிச்ச இரண்டையும் இரணைமடுவில் விட்டுவிடுங்கள் அண்ணை."

அந்தக் குளத்து மீனை நம்பி எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது! நடு அமெரிக்காவின் வேட்டை மீனை, அதுவும் சோடியாக, அதற்குள் விடச் சொல்பவன் வன்னியில் பிறந்திருக்கவே மாட்டான். பணத்தைக் கேட்டேன். என்னைத் தடை செய்துவிட்டான்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது மனம் ஓடவில்லை. தொட்டியை அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜாகுவார் சோடியோடு வேறெதையும் போடாதீர்கள். வளர்க்க முடியாததைக் குளத்தில் விடவே விடாதீர்கள். உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பொலிஸிலும் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் முறையிடுங்கள். இன்று காலை அதே தொட்டிப் படம் வேறொரு பெயரில் வந்திருக்கிறது, முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் இலவசமாகக் கொண்டுவந்து தருவார்களாம். அந்தக் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள்.