பீலித் தண்ணீரில் செம்பு: அணையும் ஒளியா, பற்றும் ஒளியா?

தேயிலையில் கொப்புள நோய் 1946இல் இலங்கையில் தலைகாட்டியது முதல் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லிகள் மலையகத்துக்குப் பழக்கமானவை. அந்தச் செம்பு மழையோடு கழுவுண்டு எங்கள் லயத்துப் பீலிக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு மலை நீர் வந்து விழும் குழாய்) வருகிறதா என்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுத்தபோது, இரண்டு ஒளிர்வு உணரிகள், அதாவது செம்பு பட்டால் ஒளிர்வு மாறும் பொருள்கள், முன்னால் இருந்தன.

ஊர்ப் பாசத்தில் முதலில் தேயிலைச் சக்கையிலிருந்து காபன் புள்ளிகளை, அதாவது ஒளிரக்கூடிய மிக நுண்ணிய காபன் துணிக்கைகளை, செய்தேன். சக்கையை நீருடன் மூடிய அழுத்தக் கலனில் சில மணி நேரம் சூடாக்கி வடித்தால் ஆயிற்று. கழியூதா (புற ஊதா) விளக்கில் நீலமாக ஒளிரும், செப்பு அயன் சேர்ந்தால் மங்கும். செலவு அற்பம். மற்றையது றொடமைன் பி என்ற சாயத்திலிருந்து செய்யப்படும் றொடமைன் பி ஐதரசைட்டு. 1997இலேயே செம்புக்கென அறிமுகமான இது, செம்பு பட்டதும் மூலக்கூறிலுள்ள மூடிய வளையம் திறந்து இளஞ்சிவப்பாகிச் செம்மஞ்சளாக ஒளிரும். தயாரிப்பில் நச்சுள்ள ஐதரசீனைக் கையாள வேண்டியிருப்பது உண்மையான குறை.

இருந்தும் நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். மழைக்குப் பின் பீலித் தண்ணீர் பழுப்பாக வரும்; அந்தப் பழுப்பைத் தரும் மட்கிய பொருள்கள் கழியூதா ஒளியைத் தாமே விழுங்குவதுடன் நீலமாகவும் ஒளிர்கின்றன, இரும்பு அயனோ காபன் புள்ளியைச் செம்பைப் போலவே மங்கவைக்கிறது. ஆகவே ஒளி குறைந்தது செம்பாலா, இரும்பாலா, வெறும் கலங்கலாலா என்று பிரித்தறிய எனக்கு வழியிருக்கவில்லை. இருட்டிலிருந்து தொடங்கி 580 நனோமீற்றர் அலைநீளத்துக்கு அருகே ஒளிரும் மூலக்கூறில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அமிலமும் அதே வளையத்தைத் திறக்கும். தேயிலை மண்ணோ அமில மண். எனவே ஒவ்வொரு மாதிரியையும் அமிலமுமற்ற காரமுமற்ற பீஎச் 7க்குக் கொண்டுவந்த பின்பே அளந்தேன். மட்கிய பொருளோடு இறுகப் பிணைந்த செம்பு கணக்கில் குறைவாகத் தெரியக்கூடும் என்பதால், தெரிந்த அளவு செம்பைச் சேர்த்தும் சரிபார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் கூறும் லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பு, இந்த உணரிக்குத் தாராளமாக எட்டும் அளவு.

இதே உணரியை உயிர்க்கலங்களில் பயன்படுத்துவதில் என் அனுபவம் வெங்காயத் தோலைத் தாண்டவில்லை. கலத்துக்குள் செம்பு பெரும்பாலும் ஒற்றை நேரேற்றத்தோடு புரதங்களில் பிணைந்திருக்கும். இந்த உணரி தேடுவதோ இரட்டை நேரேற்றச் செம்பை. மேலும், செம்போடு நடக்கும் வேதித் தாக்கம் ஒருவழிப் பாதை என்பதால், செம்பு ஏறி இறங்குவதை இதைக் கொண்டு தொடர முடியாது.