ஃபேமிலி லிங்க்: பிள்ளை போனைப் பூட்டும், அப்பாரு போனை?

10-ம் வகுப்புப் பிள்ளை ராத்திரி பதினொன்றரை வரை ரீல்ஸ் தள்ளுகிறது. அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனி ஷிஃப்டில். பிள்ளையின் போன் நேரத்தைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி இந்த மாதிரி வீட்டுக்கு உதவுமா? உதவுமுங்க. போட்டுவிட்டு மறந்தால் மட்டும் உதவாது.

காசு கிடையாது. பெற்றோர் கையில் ஐபோன் இருந்தாலும் சரி, பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு வேண்டும். சொந்தக் கூகுள் கணக்கு வைத்திருக்கிற பதின்ம வயசுப் பிள்ளையாக இருந்தால், அதுவே சம்மதம் கொடுத்தால்தான் இணைப்பு முடியும். தூங்கும்போது திருட்டுத்தனமாகப் போட வழியில்லை, அதுவும் நல்லதுதான். பிள்ளை கையில் இருப்பது அப்பாவின் பழைய போன் என்றால் அவர் கணக்கை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதில் சேமித்த நம்பர்களும் அந்தப் போனை விட்டுப் போகும், முக்கியமானதை எழுதி வையுங்கள்.

பெரும்பாலானோர் தப்பு செய்வது இங்கேதான்: மொத்தமாக ‘ஒரு நாளைக்கு 2 மணி நேரம்’ என்று வைப்பது. பிள்ளை சாயங்காலமே அதை ரீல்ஸில் கரைத்துவிடும். எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் வரும்போது போன் பூட்டிக் கிடக்கும். உடனே அம்மா கூடுதல் நேரம் கொடுப்பார், அது பழக்கமாகிவிடும். அதற்குப் பதில் செயலிவாரியாக வையுங்கள்: இன்ஸ்டா 30 நிமிடம், யூடியூப் 45, வாட்ஸ்அப்புக்கு எப்போதும் அனுமதி. ராத்திரி 9:30 முதல் காலை 6 வரை ஓய்வு நேரம், அப்போது போன் பூட்டிக் கிடக்கும். பூட்டியிருந்தாலும் போன் பேச முடியும், பயப்பட வேண்டாம்.

இன்ஸ்டா செயலி நின்றதும் குரோமில் அதே தளத்தைத் திறக்கும் கில்லாடிகள் உண்டு. குரோமின் தடைப் பட்டியலில் அந்த முகவரியையும் சேர்க்க வேண்டும். அந்தத் தடை வேறு பிரவுசரில் செல்லாது, அதனால் புதுச் செயலி எது இறக்கினாலும் பெற்றோர் அனுமதி தேவை என்று வையுங்கள்.

மொத்த நேர வரம்பு வைத்தால் அது ஒவ்வொரு கருவிக்கும் தனி. டேப் இருந்தால் அதிலும் இன்னொரு 2 மணி நேரம் ஓடும். பெரிய ஓட்டை அப்பாருவின், அதாவது தாத்தாவின், போன். காடு தோட்டம் என்று உழைத்துத் தேய்ந்த விரலைக் கைரேகைச் சென்சார் பல சமயம் பிடிக்காது. அதனால் பூட்டே இருக்காது. “அப்பாரு, பழைய பாட்டு வெச்சுத் தரட்டுங்களா?” என்று பேரன் வாங்கினால் திரும்ப வர ஒரு மணி நேரம். அவருக்கு நினைவில் நிற்கிற 4 இலக்க எண்ணைப் பூட்டாக வைத்துக் கொடுங்கள், பேரனுக்குத் தெரிந்த பிறந்த வருஷத்தைத் தவிர.