பழனி மலையில் 11 வருஷம் பவர் சா ஓட்டிய அனுபவம்

எனக்கு ஊர் கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காடு. காபித் தோட்டங்களில் நிழல் மரம் கவாத்து எடுப்பது, வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிற மரத்தைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவது, காற்றில் விழுந்ததை அறுத்து வழிவிடுவது, பவர் சா என்கிற மரம் அறுக்கும் செயின் மெஷினை வைத்து இதுதான் 2014-இல் இருந்து என் தொழில். வாரத்துக்கு ஒருவராவது "அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வாங்கியது பேர் தெரியாத ஒரு 58 சிசி மெஷின். விலை குறைவு, நீளமான பார் (செயின் சுற்றி ஓடுகிற தகடு), பார்க்கவும் பெரிசாக இருந்தது. வெட்டவும் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அதிர்வு தாங்காது. டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்குப் பனி இறங்கியிருக்கும்போது அதைப் பிடித்து ஒரு மணி நேரம் அறுத்தால் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், டீ டம்ளரைப் பிடித்தால் சூடே தெரியாது. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிர்வு விரல் நுனிக்குப் போகிற ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடும், குளிரில் அது இன்னும் மோசமாகும், வருஷக்கணக்கில் விட்டால் திரும்பச் சரியாகாமலே போகலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் குளிர் அதிகமான நாளில் அந்த இரண்டு விரலும் கொஞ்சம் மரத்துத்தான் போகின்றன. ஆகவே கடையில் மெஷினைப் பார்க்கும்போது சிசியைப் பார்ப்பதற்கு முன்னால், கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பரோ கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், தயவுசெய்து.

அதை ஓரம் கட்டிவிட்டு வாங்கிய இரண்டு மெஷின்கள்தான் இன்றுவரை சோறு போடுகின்றன. ஒன்று ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 180, சுமார் 32 சிசி, பாரும் செயினும் இல்லாமல் நாலு கிலோவுக்குள். இன்னொன்று அதே கம்பெனியின் எம்எஸ் 382, 72 சிசி, ஆறு கிலோவுக்கு மேல். என் வேலையில் பாதிக்கு மேல் சின்னதுதான் செய்கிறது. கிளை கழிப்பது, சில்வர் ஓக் கவாத்து, விறகுத் துண்டு போடுவது எல்லாம் அதில் முடிந்துவிடும். பெரியது அடிமரத்துக்கு மட்டும். புதிதாக வருகிற தம்பிகள் எடுத்த எடுப்பிலேயே பெரியதை வாங்குகிறார்கள், மத்தியானத்துக்குள் தோள் இறங்கிவிடுகிறது, தோள் இறங்கினால் பார் நுனி எங்கே இடிக்கிறது என்ற கவனம் போய்விடுகிறது. நுனியின் மேல் பாதி மரத்தில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கிற நேரத்தில் முகத்துக்கு எகிறும். எகிறும்போது செயினை நிறுத்துகிற செயின் பிரேக் இருக்கிறது என்பதற்காக அதை நம்பி அறுக்கக் கூடாது.

மலையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகிவிடும், மெஷின் புகையும், இழுக்காது. அதனால் கார்புரேட்டரில் ஃபுல் ஓட்டத்துக்குப் பெட்ரோல் அளவை வைக்கிற எச் ஸ்குருவைக் கொஞ்சம் உள்ளே திருகி பெட்ரோலைக் குறைத்து வைப்போம். 2016 கோடையில் அப்படி மேலே செட் பண்ணின பெரிய மெஷினை வண்டியில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு பக்கம் ஒரு புளியமரம் அறுக்கப் போனேன். கீழே காற்று அடர்த்தி, பெட்ரோலோ குறைத்து வைத்தபடியே இருக்கிறது. மெஷின் அன்றைக்கு அருமையாகக் கத்தியது, கூர்மையான, ஒரே சீரான சத்தம். எனக்கும் சந்தோஷம். முக்கால் மணி நேரத்தில் சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது, கயிற்றை இழுத்தால் வரவில்லை.

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆணியால் கீறின மாதிரி கோடுகள்.

"மேல செட் பண்ணினத அப்படியே கீழ ஓட்டினீங்களாண்ணே?"

"ஆமாப்பா. நல்லாத்தானே கத்துச்சு."

"அது நல்லா கத்துறது இல்லண்ணே, எண்ணெய் பத்தாம கத்துறது."

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் போவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர், பிஸ்டன் இரண்டுமே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது மலை இறங்கினால் முதல் வேலை, ஃபுல் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் காதால் கேட்பது. மரத்தில் வைக்காமல் ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரவென்று உடைந்து வர வேண்டும், மரத்தில் இறக்கியதும் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே கீச்சென்று தெளிவாக வந்தால் ஸ்குருவை வெளியே திருக வேண்டும். புது மாடல்களில் ஸ்டீலில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன் என்று இதைத் தானே சரிசெய்துகொள்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. என்னை மாதிரி ஏறி இறங்கி வேலை செய்பவர்கள் அந்தக் கூடுதல் விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரி, செயினுக்கு வருகிறேன். எந்த மெஷின் என்ற கேள்வியைவிட இதுதான் பெரியது என்பது என் முடிவு. கூரான செயின் போட்ட சின்ன மெஷின், மொக்கைச் செயின் போட்ட பெரிய மெஷினைத் தோற்கடிக்கும். மொக்கையாகிவிட்டதா என்று பார்க்க மரத்தூளைக் கையில் எடுத்தால் போதும். அவல் மாதிரி செதிலாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது. கோதுமை மாவு மாதிரி வந்தால் நீங்கள் வெட்டவில்லை, தேய்க்கிறீர்கள். நாம் அழுத்த ஆரம்பிக்கிறோம் என்றாலே அரம் எடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

நான் இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறை உட்கார்ந்துவிடுவேன். கட்டை ஒன்றில் ஒரு வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகிவிட்டால் ஆடாது. சின்ன மெஷின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், பெரியதுக்கு 5.2. முதல் பல்லில் சாக்பீஸ் கோடு. 30 டிகிரி சாய்வில், முன்னோக்கி மட்டும், பல்லுக்கு மூன்று தள்ளு. திரும்ப இழுக்கும்போது அரத்தைப் பல்லில் படவிடக் கூடாது. அரம் சரியாகப் பிடித்தால் சத்தம் மாறும், முதல் தள்ளில் கரகரக்கும், மூன்றாவதில் வழுவழுவென்று ஓடும், பல்லின் ஓரத்தில் வெயில் படும்போது மின்னுகிற வெள்ளைக் கோடு மறைந்திருக்கும். அந்தக் கோடு தெரிகிறவரை பல் மொக்கைதான். ஒரு பக்கப் பற்கள் முடிந்ததும் மறுபக்கம், எல்லாம் ஒரே நீளம். ஒரு பக்கம் குறைந்தால் வெட்டு வளைந்துகொண்டு போகும், ஆட்கள் பார் கோணிவிட்டது என்று நினைத்துப் புது பார் வாங்குவார்கள். நாலைந்து தடவை அரம் போட்டபின் பல்லுக்கு முன்னால் இருக்கிற குட்டி மேட்டையும் கேஜ் தகடு வைத்துத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அவசரத்தில் அதிகமாக இறக்கினால் செயின் மரத்தைப் பிடித்துக் குதிக்கும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். சில்வர் ஓக் மெத்தென்று போகும். காய்ந்த யூகலிப்டஸும் சீகையும் பல்லைத் தின்றுவிடும். பைனில் பிசின் பெரிய தொல்லை, பார் பள்ளத்திலும் கிளட்ச் மூடிக்குள்ளும் தூளோடு சேர்ந்து கெட்டியாகி ஆயில் வரும் ஓட்டையை அடைத்துவிடும், அன்றன்றைக்கே மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் பண்ணாவிட்டால் மறுநாள் பார் நீலம் பூத்துவிடும். பாரைச் செயின் மாற்றும்போதெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு செயினை மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டும் தேய்ந்ததும் செயினை ஓட்டுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிட வேண்டும். சூட்டில் இறுக்கின செயின் ராத்திரிக் குளிரில் சுருங்கி பாரையும் கிராங்கையும் இழுக்கும்.

செயினுக்கு வண்டியில் வடித்த கருப்பு ஆயில் ஊற்றுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. ஒரு தோட்டத்தில் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, கவாத்து முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால் மிளகு இலையிலும் காபி இலையிலும் கரும்புள்ளியாகத் தெறித்திருந்தது. தோட்டக்காரம்மா எதுவும் சொல்லவில்லை, ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். அன்றோடு விட்டேன். அது சாப்பிடுகிற பொருள் விளைகிற செடி.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். லிட்டருக்கு 20 மில்லி, அந்தந்த கம்பெனி டூ டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் மூட்டத்தில் கேனைத் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள், மழையில் வேலை நிற்கும்போது டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி இந்த மலைக்கும் வந்தபோது சாலையெங்கும் மரம். அந்த வாரத்தில்தான் விழுந்த மரத்தின் ஆபத்து எனக்குப் புரிந்தது. நிற்கிற மரம் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கலாம். விழுந்து வளைந்து கிடக்கிற மரம் வில் மாதிரி. வளைவின் உள்பக்கம் நசுங்கியிருக்கும், வெளிப்பக்கம் இழுபட்டிருக்கும். முதலில் உள்பக்கம் ஆழமில்லாமல் ஒரு வெட்டு, அப்புறம்தான் வெளிப்பக்கம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெட்டு வாய் ஒரு நூல் அகலம் திறந்து நார் டிக் டிக்கென்று விட ஆரம்பித்தால் மெஷினை எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். வேரோடு பெயர்ந்த மரம் இன்னும் மோசம், தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை எழுந்து பழைய குழியிலேயே உட்கார்ந்துவிடும். குழிக்குப் பக்கத்தில் ஆளோ பிள்ளையோ நிற்கிறார்களா என்று அறுப்பதற்கு முன் சுற்றி வந்து பார்ப்பேன்.

மரத்துமேல் ஏறி அறுக்க, மேல்பக்கம் கைப்பிடி வைத்த சின்ன மெஷின் தனியாக வருகிறது, இரண்டு வருஷமாக என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது. தரையில் நின்று ஒற்றைக் கையால் ஓட்டுகிற ஆசையில் யாரும் வாங்க வேண்டாம். அறுக்கும்போது என் இடுப்பில் இரண்டு கயிறு இருக்கும், அதில் ஒன்று உள்ளே கம்பி வைத்தது, செயின் பட்டாலும் ஒரே நொடியில் அறுந்துவிடாது.

மரத்துக்கு அனுமதி வாங்கிவிட்டார்களா என்று கேட்காமல் நான் வேலைக்கு ஒத்துக்கொள்வதில்லை. 1955-இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வேண்டும்.

ஆக, தோட்டத்துக்கு வருஷத்தில் பத்து நாள் ஓட்டுபவர் என்றால் 30 முதல் 35 சிசி, 16 அங்குல பாருக்கு மேல் வேண்டாம், மிச்சக் காசில் ஹெல்மெட்டும் செயின் தடுக்கிற கால்சட்டையும் வாங்கிவிடுங்கள். தொழிலாகச் செய்பவர் இரண்டு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், உதிரி பாகம் ஒரே நாளில் கிடைக்கிற கம்பெனியாகப் பாருங்கள். என் 180-க்கு இதுவரை ஏழு செயின், மூன்று பார், ஒரு ஆயில் பம்ப் ஆகியிருக்கிறது, இன்ஜினில் இன்னும் கை வைக்கவில்லை. 382-இல் பிஸ்டன் மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த வாரம் அதற்கு ஸ்பிராக்கெட் மட்டும் வாங்க வேண்டும்.