மஞ்சள் சேலையின் மடிப்புகள்: எக்ஸ்-டி3 கேமராவோடு இரண்டு வருடம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களும், பால்மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த தலைமுறையின் முகங்களும்தான் நான் எடுப்பவை. நிக்கான் டி7000-ஐ வருடக்கணக்கில் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் பழையதாக ஒரு ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி3 வாங்கினேன். 2018-ல் வந்த கேமரா, 26.1 மெகாபிக்சல்.

கை பழகவே மூன்று மாதம் ஆனது. நிக்கானில் லென்ஸைப் பூட்டும் திசை இதற்கு நேரெதிர். அவசரத்தில் இன்றும் விரல் பழைய பக்கமே திருகுகிறது.

கண் பழகத்தான் அதைவிட நாள் பிடித்தது. பழைய ஃபிலிம்களின் நிறத்தைப் போலச் செய்யும் ஃபிலிம் சிமுலேஷன்கள் இதில் உண்டு. முதல் திருவிழாவுக்கு, நிறத்தை அழுத்திக் காட்டும் வெல்வியா வைத்து எடுத்தேன். வியூஃபைண்டரில் செம்பனைப் பச்சை அள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து ஜேபெக்கைப் பெரிதாக்கினால், பால்குடம் எடுத்த பெண்களின் மஞ்சள் சேலையில் ஒரு மடிப்பும் இல்லை, மஞ்சள் அட்டை ஒட்டியதுபோல் இருந்தது. குங்குமமும் அப்படித்தான். வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் ஒழுங்காகவே இருந்தது. சிவப்புச் சேனல் மட்டும் தனியாக உச்சியில் முட்டி, விவரத்தை இழந்திருக்கிறது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு உச்சத்திலும் நீலம் அடிமட்டத்திலும் நிற்கும், சராசரியில் அது மறைந்துவிடும். இப்போது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஒரு பட்டனில் வைத்திருக்கிறேன். அதுவும் ராவை, அதாவது பதப்படுத்தாத மூலக் கோப்பைப் பார்த்து வரைவதில்லை, நாம் வைத்த ஃபிலிம் சிமுலேஷனைப் பார்த்து வரைவது. அதனால் எடுக்கும்போது மென்மையான ப்ரோ நெக் ஸ்டாண்டர்ட் சிமுலேஷன், நிறமெல்லாம் பிறகு ராவில். உச்சி வெயிலில், வெளுத்துப்போகும் இடங்களில் விவரத்தைக் காக்கும் டிஆர்400 அமைப்பு கைகொடுக்கிறது. அதற்கு ஐஎஸ்ஓ குறைந்தது 640 வேண்டும்.

எடிட்டிங்கில் நான் மாற்றிக்கொண்ட பெரிய விஷயம் தோல் நிறம். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் மீட்டர் அதை நடுச்சாம்பலுக்கு இழுத்து வெளுப்பாக்கும். அதன்மேல் நானும் பழக்கதோஷத்தில் ஷேடோவை ஏற்றிவிடுவேன். நாற்பது வருடம் மரம் வெட்டிய ஒரு பாட்டியின் படத்தை அப்படி அச்சுப்போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “யாரு தம்பி இது, கிராணி வீட்டம்மாவா?” என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஒரு மனுஷியின் நிறத்தை அவரிடம் கேட்காமலே எடுத்துவிட்டிருக்கிறேன்.

இப்போது எடுக்கும்போதே எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்குகிறேன். முடிவு வியூஃபைண்டரிலேயே தெரிவதால் இது சுலபம். ஷேடோவில் கை வைப்பதில்லை. செம்பனை நிழலில் கன்னத்தில் படியும் பச்சையை, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் போதும். அதே பாட்டியின் படத்தை மறுபடி செய்து கொடுத்தேன். நெற்றிச் சுருக்கத்தில் திருநீறு நின்ற இடம்கூடத் தெரிந்தது.

ஷார்ப்னிங் பழக்கமும் போனது. எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிறவடிகட்டி ஆறுக்கு ஆறு அடுக்கில் வருவது. பழைய அளவிலேயே கூர்மை ஏற்றியபோது, நான் வைத்திருந்த மென்பொருளில் ஓலைகள் புழு நெளிந்ததுபோல் ஆயின. பாதியாகக் குறைத்துவிட்டேன்.

பேட்டரி ஒரு சார்ஜுக்கு, நிறுவனக் கணக்குப்படி 390 படம், டி7000-க்கு 1050. திருவிழாவுக்கு மூன்று பேட்டரி இல்லாமல் கிளம்புவதில்லை.

கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் கேமரா பாடிக்குள் கிடையாது. பலர் இதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். கரகம் ஆடுபவரை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகம் எப்படியும் 1/250 நொடி வேண்டும், அங்கே அது உதவப்போவதில்லை. கருவறை விளக்கு வெளிச்சத்தில்தான் அதன் அருமை தெரிகிறது. அங்கே தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, 1/15-ல் நாலைந்து எடுத்தால் ஒன்று நிற்கிறது.