போர்த்திரையில் எழும் எண்கள்: மிக் ஸ்குரோலிங் பட்டில் டெக்ஸ்ட் பற்றிய மதிப்பீடு

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டில் நாம் கொடுக்கும் ஒவ்வோர் அடியின் அளவும் எதிரியின் தலைக்கு மேல் எண்ணாக எழுந்து மறைகிறது. ஆயுதத்தால் விழும் சாதாரண அடி வெள்ளையிலும், மந்திரமும் திறன்களும் மஞ்சளிலும் தோன்றும். தனி எதிரி ஒருவனோடு மோதும்போது இது போதும். பத்து எதிரிகளை ஓரிடத்தில் திரட்டி, எட்டு விநாடிகள் பெய்யும் பனிப்புயல் மந்திரத்தை அவர்கள் மீது இறக்கினால், விநாடிக்கு ஓர் அடி வீதம் எண்பது எண்கள் திரையின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. எதிரி நகர்வதும் தெரியாது, நமக்கு விழும் அடியும் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே மிக் ஸ்குரோலிங் பட்டில் டெக்ஸ்ட் என்னும் இலவசத் துணைநிரலை, அதாவது விளையாட்டோடு சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருளை, நிறுவினேன். விளையாட்டின் தொடக்ககால வடிவத்தை மீட்டுத் தரும், 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கிளாசிக் பதிப்பில் அதைப் பயன்படுத்திய அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

துணைநிரல் எண்களை எதிரியின் தலையிலிருந்து எடுத்து, நாம் குறிக்கும் இடங்களில் ஓடவிடுகிறது. நமக்கு விழுபவை இடப்பக்கம், நாம் கொடுப்பவை வலப்பக்கம், அறிவிப்புகள் தனியிடம் என்ற பிரிவு தொடக்கத்திலேயே அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் சுட்டியால் இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். எண்கள் நேராக ஏற வேண்டுமா, வில்லாக வளைய வேண்டுமா என்பதையும், எழுத்துருவையும் அளவையும் ஒளிர்வையும் நாமே முடிவு செய்யலாம். வழக்கத்தைவிடப் பலமாக விழும் கிரிட் அடி மட்டும் பெரிதாக எழுந்து சிறிது நேரம் நின்று மறைகிறது. விளையாட்டின் சொந்த எண்களை நிறுத்தும் தெரிவும் உள்ளேயே இருக்கிறது. அதை மறந்தால் ஒரே அடியை இரண்டிடத்தில் பார்க்க நேரிடும்.

எனக்கு இதில் மிகவும் பயன்பட்டது நெரிசலைக் குறைக்கும் பகுதி. ஒரே நேரத்தில் விழும் பல அடிகளை அது ஒற்றை எண்ணாகக் கூட்டி, எத்தனை அடி, அவற்றுள் எத்தனை கிரிட் என்பதைப் பக்கத்தில் சிறிதாகக் குறிக்கிறது. முன்சொன்ன எண்பது எண்கள் இப்போது எட்டு வரிகளாகச் சுருங்கிவிட்டன. குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள சேதத்தைக் காட்டாமல் விடலாம். நஞ்சைப் போல விட்டுவிட்டு விழும் சேதத்தை நாம் சொல்லும் இடைவெளிக்கு ஒருமுறை தொகுத்துக் காட்டச் சொல்லலாம்.

இந்தத் தொகுப்பு எங்கள் பக்கத்தில் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியுள்ள ஒரு வீட்டில், 4ஜி ரவுட்டர் ஒன்றை யன்னலோரம் வைத்து விளையாடுகிறேன். நான் சேர்ந்துள்ள ஓஷியானிய சேர்வர் சிட்னியில் இருக்கிறது. பகலில் 200 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் நிற்கும் தாமதம், ஊரே கைப்பேசியை எடுக்கும் இரவு எட்டு மணியளவில் 400ஐத் தாண்டும். அடியின் அளவைக் கணிப்பது நமது கணினியன்று, சேர்வரே. அங்கிருந்து செய்தி வந்த பின்னரே எண் திரையில் தோன்றும். எனவே இணைப்பு ஒரு கணம் தடுமாறினால், அதுவரை தேங்கியவை அனைத்தும் ஒரே மூச்சில் கொட்டும். எந்தத் துணைநிரலாலும் அந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது. ஆனால் கொட்டுவதைச் சேர்த்து அடுக்கி வாசிக்கத் தருவது இதனால் இயல்கிறது, அதுவே எனக்குப் பெரிய உதவி.

நிறங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாங்குளத்தில் இருக்கும் என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது. துணைநிரலோ விழும் அடியைச் சிவப்பிலும் குணமாக்கலைப் பச்சையிலும் காட்டுகிறது. முதல் நாளே அவன், "அண்ணா, எனக்கு அடி விழுதோ ஹீல் வருதோ எண்டு விளங்கேல்லை" என்று சொன்னான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாக நிறம் தரலாம் என்பதால், குணமாக்கலை வெளிர்நீலமாகவும் அடியைச் செம்மஞ்சளாகவும் மாற்றி, இரண்டின் எழுத்து அளவையும் வேறுபடுத்தினோம். நெருப்பு, பனி, நிழல் முதலான சேத வகைகளுக்கும் நிறம் குறிக்கலாம். அவனுக்கு அவை தேவையில்லை என்று நிறுத்திவிட்டோம். இப்போது குழுவுக்கு முன்னின்று அடி வாங்கும் டேங்க் பொறுப்பை அவன் தயக்கமின்றி ஏற்கிறான். இதை எழுதுவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

குறைகளும் உண்டு. தெரிவுகள் மிகுதி, அவற்றை விளக்கும் சொற்கள் சுருக்கம். தமிழில் இடைமுகம் இல்லை. உயிரளவு அல்லது மந்திரத்துக்குச் செலவாகும் மானா குறையும்போது எச்சரிக்கும் ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் புதிய எச்சரிக்கை ஒன்றை நாமாக உருவாக்க முயன்றால், நிபந்தனைகளை அடுக்கும் முறை புரியவே ஒரு மாலை போய்விடும். பொருள் கிடைத்தது என்பது போன்ற அறிவிப்புகளும் தொடக்கத்தில் இயங்குவதால், அவற்றை முதலில் அணைப்பது நல்லது. மறுபுறம், தெரிவுகளுக்கான பக்கம் தனிக் கோப்புறையில் இருந்து, அதைத் திறக்கும்போது மட்டுமே ஏற்றப்படுகிறது. 4 ஜிபி நினைவகமுள்ள என் பழைய மடிக்கணினியில் விளையாட்டு இதனால் மந்தமானதை நான் காணவில்லை.

நிறுவுவோர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நாம் செய்யும் மாற்றங்கள் உடனுக்குடன் வன்தட்டில் எழுதப்படுவதில்லை. விளையாட்டிலிருந்து முறையாக வெளியேறும்போதோ, இடைமுகத்தை மீளேற்றும்போதோதான் எழுதப்படுகின்றன. இரண்டு மணிநேரம் இருந்து ஒவ்வொரு நிறமாகச் சரிசெய்த ஓர் இரவில் மின்சாரம் போனது. பற்றரி செத்த மடிக்கணினியும் அதனோடு அணைந்தது. மறுநாள் திறந்தபோது எல்லாம் பழையபடி இருந்தன. அதன் பின்னர் ஐந்து மாற்றங்களுக்கு ஒருமுறை உரையாடல் பெட்டியில் மீளேற்றும் கட்டளையை இட்டுவிட்டே தொடர்கிறேன். அவ்வாறு சேமிக்கப்படும் அமைப்பு ஒரு சாதாரண உரைக் கோப்புத்தான். தம்பிக்கான நிற அமைப்பை என் கணினியிலேயே முடித்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் மாங்குளத்துக்குக் கொண்டுபோய், விளையாட்டை மூடிவைத்த நிலையில் அவனுடைய கோப்புறையில் ஒட்டினேன். திறந்தவுடன் எண்கள் வெளிர்நீலத்தில் ஏறத் தொடங்கின.