சாட்ஸ்வொர்த்தில் எட்டுச் சனிக்கிழமைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே, இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தை ஒட்டியுள்ள எங்கள் பகுதியின் சிறிய அரங்கில் எட்டு வாரங்களாக நடைபெற்ற திரையிடல்கள் கடந்த சனிக்கிழமையோடு நிறைவடைந்தன. வாரம் ஒரு படம் என்று எட்டுப் படங்கள். பிற்பகல் 2 மணிக்கு ஒரு காட்சி, மாலை 6.30 மணிக்கு மற்றொன்று. நுழைவுச்சீட்டு 50 ராண்ட். எட்டையும் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகள் இருந்தன, அவற்றையும் சொல்வேன். ஆயினும் தமிழ்ப் படங்களை ‘இந்தியர்களுக்கான பொழுதுபோக்கு’ என்று தனியே ஒதுக்காமல், இத்தாலியப் படத்துக்கும் வங்கப் படத்துக்கும் ஜூலுப் படத்துக்கும் பக்கத்தில் சரிசமமாக வைத்த ஏற்பாட்டை இந்த ஊரில் நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது. அதுவரை எங்கள் பெற்றோருக்குத் தமிழ் கேட்கும் இடங்கள் கோயிலும் வீடும் கிரே தெருப் பகுதியின் திரையரங்குகளுமே. இன்றைய வணிக வளாக அரங்குகளில் புதிய தமிழ்ப் படங்கள் வருகின்றன, சில நாள்களில் போய்விடுகின்றன. பழைய படம் ஒன்றைப் பெரிய திரையில், நாலு பேரோடு சேர்ந்து பார்ப்பதற்கு வழியே இல்லாமல் இருந்தது.

முதல் வாரம் எனக்கு ஏமாற்றம். எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) பழைய அளவில், ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்ட படம். அதை அகலத் திரை முழுவதும் நிரம்பும்படி இழுத்துக் காட்டினார்கள். படத்தின் உச்சமான முரசு நடனத்தில், ஓங்கி நிற்க வேண்டிய முரசுகள் அமுக்கி வைத்த அண்டாக்களைப் போலவும், அவற்றின் மேல் ஆடியவர்கள் குள்ளமாகவும் தெரிந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணைப் பறித்து வரும் காட்சியை இப்படிக் காட்டியது மனத்தை உறுத்தியது. இடைவேளையில் படம் ஓட்டுபவரிடம் சென்று சொன்னேன். அன்று அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் மறுவாரம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) திரையிடப்பட்டபோது இருபுறமும் கறுப்புப் பட்டைகள் விட்டு, சட்டம் சரியான அளவில் இருந்தது. மூன்றாம் வாரத்து ‘பதேர் பாஞ்சாலி’யும் (1955) அப்படியே. சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் அரங்கத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

இந்தத் திரையிடல் வரிசையின் உயிர்நாடி ஐந்தாம், ஆறாம் வாரங்களில் இருந்தது என்பேன். ஐந்தாம் வாரம் ‘கம் பேக், ஆப்பிரிக்கா’ (1959). அமெரிக்கரான லயனல் ரோகோசின், இசைப்படம் எடுப்பதாக அன்றைய அரசிடம் சொல்லிவிட்டு, ஜோஹானஸ்பர்க்கிலும், கறுப்பின மக்களை வெளியேற்றி இடித்துத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த அதன் சோபியாடவுன் பகுதியிலும் மறைவாகப் படம்பிடித்தது. இளம் மிரியம் மக்கேபா அதில் பாடுகிறார். வேலை தேடி நகரத்துக்கு வரும் ஜூலு மனிதர் ஒருவர், கறுப்பினத்தவர் நகரில் தங்கி வேலை செய்ய அன்று கட்டாயமாக இருந்த அனுமதிச் சீட்டுக்காக ஒவ்வொரு வாசலாக அலைவதே கதை. அதற்கு அடுத்த சனிக்கிழமை பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988).

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த வேடம் அது. பாதி எழும்பி நிற்கும் கட்டடத்தை, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து பார்க்கும் காட்சியில் பேச்சே கிடையாது. பூசப்படாத சுவரைத் தடவியபடி ஒவ்வோர் அறையாக நடக்கிறார். பிற்பகல் காட்சியில் என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் அமர்ந்திருந்தார். “எங்க அப்பாவும் இப்படித்தான் செவுத்தத் தடவிப் பாத்தாரு” என்று யாரிடமோ சொல்வதுபோல் மெல்லச் சொன்னார். நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவராம். 1950இல் வந்த இனவாரிப் பகுதிச் சட்டத்தின்படி 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, தாம் சிறுமி என்று வெளியே வந்தபின் சொன்னார். பாரக்ஸை விட்டு வர மனமில்லாத அவருடைய தந்தை, புது வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்தது அதுதானாம். வீடு பிடுங்கப்பட்டவர்களைப் பற்றிய படத்துக்கு அடுத்த வாரமே வீடு கட்ட முடியாதவளைப் பற்றிய படத்தை வைத்தவர், யாராயினும், இங்குள்ளவர்களை அறிந்தவர்.

ஏழாம் வாரத்து ‘யெஸ்டர்டே’ (2004) இந்தச் சரட்டை இன்னும் நீட்டியது. ஜூலுலாந்து கிராமம் ஒன்றில், எச்.ஐ.வி. தொற்றோடு, மகள் முதல் நாள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும் வரையாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று உறுதி கொள்ளும் தாயின் கதை. டர்பனை அடுத்த குவாமாஷுவில் பிறந்த லெலெட்டி குமாலோ அதில் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார். அன்று அரங்கில் ஜூலு மொழி பேசுவோர் பலர் இருந்தார்கள். திரையில் மொழிபெயர்ப்பு எழுத்து தோன்றுவதற்கு முன்பே அவர்களிடமிருந்து பெருமூச்சு எழுந்தது. நாங்கள் படித்துவிட்டுப் பின்தொடர்ந்தோம். கடைசி வாரம் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் (2015) அது தலைகீழானது. பீட்சா விளம்பரத் தாளைப் பார்த்துப் பாட்டி தோசைக்கல்லில் பீட்சா செய்ய முயலும் இடத்தில் எங்கள் பெரியவர்கள் முதலில் சிரிக்க, பேரப்பிள்ளைகள் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு நொடி கழித்துச் சிரித்தார்கள்.

மொழிபெயர்ப்பு எழுத்துகளைப் பற்றித்தான் என் பெரிய வருத்தம். நான்காம் வாரம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). உரையாடல்களுக்கு ஆங்கில எழுத்து ஓடியது. தாய் தன் குழந்தைகளிடம் பாடும் பாட்டு, எஸ். ஜானகியின் குரலும் இளையராஜாவின் இசையுமாக எழுந்தபோது, திரையின் அடிப்பகுதி வெறுமையாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த இளம்பெண் திரும்பி, என்ன பாடுகிறாள் என்று என்னிடம் கேட்டாள். எங்கள் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுபவர்கள். ஒலி தெரியும், பொருள் தெரியாது. அவர்களுக்குப் பாட்டின் பொருளைச் சொல்லாமல் விடுவது படத்தின் பாதியை மறைப்பதாகும். இறுதியில் வரும் ஆற்றங்கரைக் காட்சியிலும் வெளிர்மணலின் மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோனது. எழுத்துக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுத்தால் தீர்ந்துவிடும் குறை. அடுத்த திரையிடல் வரிசைக்கு முன் இந்த இரண்டையும் கவனிக்கும்படி அரங்கத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.

வரிசையின் பிற்பகுதி புரட்டாசி மாதத்தில் விழுந்ததால், சனிக்கிழமை மாலைப் பூசை உள்ள குடும்பங்கள் பிற்பகல் காட்சிக்கே வந்தன. முதியோர் கூட்டமும் அதில்தான். மாலைக் காட்சி முடியும்போது வேன் டாக்ஸிகள் அருகிவிடும் என்பதால் சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு 2 மணிக் காட்சியையே சொல்வேன். இடைவேளையில் பெண்கள் குழு ஒன்று விற்ற தின்பண்டங்களில் இறைச்சி கலக்கவில்லை: உளுந்து வடை, இங்கே சில்லி பைட்ஸ் என்று சொல்லப்படும் பஜ்ஜி, ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர். வடை சூடாக இருந்தது. தேநீரில் சர்க்கரை கூடுதல்.

இருக்கையைப் பொறுத்தவரை, முதல் மூன்று வரிசைகளில் இடப்பக்க ஒலிபெருக்கி இரைகிறது. நடுவரிசைக்குப் பின்னால், வலப்பக்கமாக அமர்வது நல்லது. அடுத்த திரையிடல் வரிசை தை மாதத்துக்குப் பிறகு என்று அறிவித்திருக்கிறார்கள்; நான் இரண்டு இருக்கைகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், ஒன்று அந்த அம்மாவுக்கு.