மலையில் பிக்சல் போர்டு பிரேம்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு எது மிச்சம்

கீழே சமவெளியில் திருவிழாவுக்கு வரும் பிக்சல் போர்டு (தனித்தனியாக நிறம் மாறும் சிறு எல்இடி விளக்குகள் பதித்த பலகை), சவுக்குக் கம்பில் கயிறு போட்டுக் கட்டியே பத்து நாள் ஓடிவிடும். அதே போர்டை ஏப்ரலில் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு ஏற்றிவந்து, மே சீசன், மழை, கிறிஸ்துமஸ் என்று வெளியிலேயே நிறுத்தி வைத்தால் சங்கதி வேறு. ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும். நடுவில் மூடுபனி. அப்படி நின்ற 8-க்கு 4 அடி பிரேம்களில் எது தாங்கியது, எது போனது என்பதுதான் இது.

ஏசிபி ஷீட்டில் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) 12 மி.மீ. ஓட்டை போட்டு புல்லட் பிக்சல் (தோட்டா வடிவ விளக்கு) செருகினால் பார்க்க அழகுதான். ஆனால் மலையில் அது கப்பல் பாய் போலக் காற்றைப் பிடிக்கும். காற்றழுத்தத்துக்கு 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்பது கணக்கு. வேகம் விநாடிக்கு மீட்டரில், விடை ச.மீ.க்கு நியூட்டனில். மணிக்கு 60 கி.மீ. காற்றென்றால் 16.7 மீட்டர். 8-க்கு 4 அடி என்பது ஏறக்குறைய 3 ச.மீ.; மொத்தத் தள்ளு 50 கிலோ வரும். 90 கி.மீ. ஆனால் 113 கிலோ. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிது, தள்ளுபடி உண்டே என்று சிலர் கேட்பார்கள். தட்டைப் பலகைக்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய வடிவக் கெழு (வடிவத்துக்கேற்பத் தள்ளைக் கூட்டும் எண்) அந்தத் தள்ளுபடியைத் தின்றுவிடும்.

அதனால் 50-க்கு 50 மி.மீ. கட்டம், 3 மி.மீ. கம்பி ஜிஐ வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய கம்பி வலை. பிக்சலும் ஒயரும் ஏறிய பிறகும் மூன்றில் இரண்டு பங்கு திறந்தே இருக்கும். தள்ளு பாதிக்கும் கீழே இறங்கும். பகலில் கோழிக்கூண்டு போலத் தெரியும் என்ற குறை நியாயம்தான். கறுப்பு பெயின்ட் அடித்தால் கொஞ்சம் மறையும்.

சட்டத்துக்கு 25-க்கு 25 மி.மீ. எம்எஸ் (இரும்பு) சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். மேல், கீழ், நடு என 8 அடியில் மூன்று. நிற்கிறவை 4 அடியில் நான்கு. கூட்டினால் 40 அடி, இரண்டு குழாய் போதும் என்று காகிதம் சொல்லும். கடையில் 20 அடி என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் 6 மீட்டர். குழாய்க்கு கிட்டத்தட்ட 10 செ.மீ. குறையும், அறுக்கிற பிளேடு தின்பது தனி. அடித்துப் பிடித்து ஒட்டுப் போட வேண்டாம். கால்களுக்கு எப்படியும் குழாய் வாங்கத்தான் வேண்டும், குறைவதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1.6 மி.மீ. சுவருக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு, 60–70 ஆம்பியர்; 3.15 ராடைப் பிடித்தால் மூலையில் ஓட்டை விழும்.

உள்ளளவு 94-க்கு 46 அங்குலம். 2 அங்குலத்துக்கு ஒன்றாக 47-க்கு 23, மொத்தம் 1,081 பிக்சல். 50 பிக்சல் சரம் 22 வேண்டும். நடுக்குழாய்கள் மெஷ்ஷுக்குப் பின்னால் ஓடுவதால், அவை இரண்டு பிக்சல் வரிசைகளுக்குச் சரியாக நடுவில் விழ வேண்டும். 50 மி.மீ. இடைவெளியில் 25 மி.மீ. குழாய் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் 12 மி.மீ. மிஞ்சும், புல்லட்டின் பாதித் தடிமன் 6. இதைப் பார்க்காமல் வெல்டு வைத்துவிட்டால் ஒரு வரிசை முழுக்க பிக்சல் வால் குழாயில் முட்டி, தலை வானம் பார்க்கும். இரவில் அந்த வரிசை மட்டும் மங்கலாகத் தெரியும். ஆள் பிக்சலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி துரு. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் குழாய் உள்ளே போகும். முனைகளை அடைத்து வெல்டு செய்த குழாய்களில்தான் இது அதிகம். வெல்டில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை எப்போதும் இருக்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவுக் குளிரில் சுருங்கி ஈரக்காற்றை இழுக்கும். உள்ளே போன ஈரம் நீராகி, வெளியேற வழியின்றிக் கீழ்க்குழாயில் தங்கும். அதனால் ஒவ்வொரு நிற்குழாயின் அடியிலும், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் மூன்று இடத்திலும் 6 மி.மீ. ஓட்டை. “அப்போ தண்ணி உள்ள போயிடாதாண்ணே?” என்று வெல்டர் கேட்பார். போகும், போனது வெளியேயும் வரும். ஓட்டை போட்ட குழாய்கள் மூன்று மழைக்குப் பிறகும் தட்டினால் கணீரென்று கேட்கின்றன.

பெயின்ட் அடிக்கும் நேரத்தில் பாதி விஷயம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் குழாயைத் தொட்டால் பனி படிந்து சில்லென்று இருக்கும். அதன்மேல் ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்தால் இரண்டு மாதத்தில் அப்பளம் போல உரியும். வெயில் இருக்கும் நாளில், பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் முடிக்க வேண்டும். மெஷ்ஷை வெல்டு செய்த ஒவ்வொரு புள்ளியிலும் ஜிஐ பூச்சு எரிந்திருக்கும்; அங்கே துத்தநாக பெயின்ட் தனியாக வைக்க வேண்டும். அந்த வெல்டிங் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், காய்ச்சல் வரும்.

கால்களைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தவை காற்றில் ஆடி ஆடி, வெல்டின் விளிம்பிலேயே விரிசல் விட்டன. கழற்றி மாட்டும் சாக்கெட்தான் நின்றது: 30-க்கு 30, 2 மி.மீ. குழாயின் உள்ளளவு 26; அதற்குள் 25 குழாய் இறங்கும். உள்ளே நீளவாக்கில் ஓடும் தையல் மேடு இடிக்கும், அதை அரத்தால் தேய்க்க வேண்டும். எம்8 (8 மி.மீ.) போல்ட் இரண்டு, ஆட்டத்தில் தளராத நைலாக் நட்டோடு. 50 மி.மீ.க்கு ஒரு ஓட்டை போட்டுவைத்தால் சரிவான இடத்தில் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். இங்கே சமதரை எங்கே கிடைக்கிறது?

போர்டு கவிழாமல் கால்களில் வைக்கும் மணல் மூட்டைக் கணக்கு: போர்டின் நடு தரையிலிருந்து 5 அடி, பின்கால் 4 அடி தள்ளி. 50 கிலோ தள்ளை 5 அடியால் பெருக்கினால் 250. அதை 4-ஆல் வகுத்தால் 62. பின்னால் 25 கிலோ எம்-சாண்ட் மூட்டை மூன்று. முன்னால் சட்டத்தின் எடையே 25 கிலோ இருப்பதால் இரண்டு போதும். பலர் பின்னால் மட்டும் அடுக்கிவிட்டுப் போவார்கள். எதிர்க்காற்றில் போர்டு மல்லாந்துவிடும். மெஷ் போர்டு என்றால் இதே மூட்டைகள் ஏறக்குறைய 90 கி.மீ. வரை தாங்கும். ஸ்டே கம்பி (போர்டை இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டினால் வெள்ளைத் துணி முடிந்துவையுங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் இரவில் காட்டெருமை வரும். அதற்குக் கம்பி தெரியாது.

மின்சாரம் சுருக்கமாக: 5 வோல்ட் பிக்சல் ஒன்றுக்கு 0.3 வாட் என்றால் முழு வெள்ளையில் 324 வாட். 300 வாட் பவர் சப்ளை ஒன்றை நம்பாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ரெயின்ப்ரூஃப் என்று எழுதியிருப்பது மேலிருந்து விழும் மழைக்கு மட்டும். காற்றுத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி செங்குத்தாக மாட்ட வேண்டும். பிரேமுக்கு எர்த், லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஈரப்புல்லில் போர்டை ஏற்றவே கூடாது.

ஒயரைக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையில் வெள்ளை வேண்டாம். உயரத்தில் புற ஊதாக்கதிர் அதிகம். ஒரு வெயில்காலம் போனால் விரலால் நெருடினாலே உடையும். யுவி தாங்கும் கறுப்பு டை வாங்கி, வாலை ஒட்ட நறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் குரங்கு முதலில் பிடிக்கும், பிக்சல் அதன் பின்னாலேயே வரும்.